புகாரே வராத வாரியம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் நெருப்பு என்பார்கள். விவரம் போதாதவர்கள். டேட்டாபேஸ்தான் அது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காததைச் சொல்லவே சொல்லாது. இந்த உயர்ந்த குணம் உள்ள ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் இயக்குநரின் டிரைவர்.

நான் நகரக் குடிநீர் வாரியத்தில் குவெரி எழுதுகிறவன். குவெரி என்பது டேட்டாபேஸிடம் அதற்குப் புரிகிற மொழியில் கேட்கும் கேள்வி. வாரியத்தின் வெப்சைட்டுக்கு நேற்று எத்தனை பேர் வந்தார்கள், எந்த வட்டத்திலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று நான் கேட்பேன், அது சொல்லும். அதை வண்ணப் படமாக்கி மூன்றாம் மாடிக் கூட்ட அறைக்கு அனுப்புவேன். அலுவலகத்தில் என்னை 'குவெரி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் தரைத்தளத்தில் உட்காருகிறார்கள். மாடி ஏற ஏற அந்த அறிவு குறைந்துகொண்டே போகும். மூன்றாம் மாடிக்கு எண்கள் மட்டும்தான் ஏறும். அழுத்தம் போதாது.

போன வருடம் எங்கள் இயக்குநர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, திரும்பும்போது 'ஈடுபாடு' என்ற ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். மக்கள் நம் வெப்சைட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறார்களோ அவ்வளவுக்கு அவர்களுக்கு நம்மேல் 'ஈடுபாடு' என்று பொருளாம். அன்று மாலையே புகார் கவுன்ட்டரை மூடினார். அந்த இடத்தில் இரண்டு செடித்தொட்டிகள் வந்தன. புகார் தொலைபேசியின் இணைப்பும் போயிற்று. இனி எதுவானாலும் வெப்சைட்டில்தான் என்று சுற்றறிக்கை வந்தது. அதையும் வெப்சைட்டில்தான் போட்டார்கள்.

இந்த மகத்தான சீர்திருத்தத்தில் அடியேனின் பங்கும் உண்டு. தற்பெருமை என்று நினைக்க வேண்டாம், வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

புகார்ப் படிவத்தில் 'புகார் எண்' என்று ஒரு கட்டம் உண்டு. முன்பே புகார் கொடுத்துவிட்டு மறுபடி வருகிறவர்கள் பழைய எண்ணை அதில் எழுதுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். இந்தக் காலிக் கட்டம் இருக்கிறதே, அது குவெரி எழுதுகிறவனின் பிராணனை வாங்குகிற விஷயம். அது சைபரும் அல்ல, ஒன்றும் அல்ல. எதோடும் சேராது. எதோடு ஒப்பிட்டாலும் வாயைத் திறக்காது. வருகைப் பட்டியலையும் புகார்ப் பட்டியலையும் நான் இணைத்துக் கூட்டினால், காலிக் கட்டங்களால் கூட்டுத்தொகை எப்போதும் உதைத்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராகப் படிவம் தயாரிக்கிற பெண்ணிடம் போனேன்.

"புகார் எண் கட்டத்த யாரும் காலியா விடக்கூடாது. பக்கத்துல ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டு, நிரப்பினாத்தான் உள்ள போகும்னு பண்ணிடுங்க" என்றேன்.

"சார், புதுசா புகார் கொடுக்கறவங்ககிட்ட எண் இருக்காதே. கொடுத்த பிறகுதானே நாம எண்ணே தர்றோம்?"

"அது உங்க பார்வை. என் பார்வையில அது காலிக் கட்டம்."

"அப்ப அவங்க எப்படி சார் புகார் கொடுப்பாங்க?"

"அது படிவத்தோட பிரச்சினை. நான் பேசறது டேட்டாவோட சுத்தத்தப் பத்தி."

'சுத்தம்' என்ற சொல்லை எதிர்த்து எங்கள் கட்டடத்தில் யாரும் பேசியதில்லை. குடிநீர் வாரியம் அல்லவா! அவள் நட்சத்திரத்தைப் போட்டுவிட்டாள். இயக்குநர் தம் பங்குக்கு அதன் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'தவறான எண் அளிப்போர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

பலன் உடனே தெரிந்தது. அந்த மாதக் கூட்டத்தில் என் வண்ணப் படம் சுவரில் விரிந்தபோது அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"போன மாசம் எத்தனை வருகை?" என்றார் இயக்குநர்.

"நாலாயிரம் சார்."

"இந்த மாசம்?"

"அறுபத்தோராயிரம் சார்."

"ஒருத்தர் சராசரியா எவ்வளவு நேரம் இருந்தாரு?"

"முன்னாடி ரெண்டு நிமிஷம். இப்ப இருபத்தாறு நிமிஷம் சார்."

"புகார்?"

"சைபர் சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்தமாதிரி இருந்தது. "குறையே இல்லாத மக்கள் அறுபத்தோராயிரம் தடவை எதுக்கு வந்தாங்க? சொல்லுங்க பார்ப்போம்."

கடைசி வரிசையிலிருந்து நிர்வாகப் பிரிவு அதிகாரி, "சும்மா... நம்மள பார்த்துட்டுப் போகலாம்னு வர்றாங்களோ சார்?" என்றார்.

"அதேதான்!" இயக்குநர் மேசையைத் தட்டினார். "இதுக்குப் பேர்தான் ஈடுபாடு. அன்பு! ஒரு அரசு அலுவலகத்த மக்கள் இப்படி நேசிச்சு நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

உனக்கு உண்மை தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஜாதிதான். அதுவும் போக, என் கூட்டுத்தொகை அந்த மாதம்தான் முதல் முறையாகச் சரியாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை நானே கெடுத்துக்கொள்வதா?

நகரப் படத்தில் நான்காம் வட்டம் மட்டும் கருஞ்சிவப்பாக இருந்தது. அதிக வருகை அங்கிருந்துதான். நான்காம் வட்டத்து மக்களின் அன்பு தனித்துவமானது என்று கூட்டக் குறிப்பில் எழுதினோம். அவர்களுக்கு நம் நன்றியைத் தெரிவிக்க, தெருவுக்கு ஒன்றாக விளம்பரத் தட்டி கட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

என் அக்கா இருப்பது நான்காம் வட்டத்தில். தட்டி கட்டிய மறுநாள் போன் செய்தாள்.

"டேய், உங்க ஆபீஸ்லேர்ந்து எங்க தெருவுல தட்டி கட்டியிருக்காங்கடா. 'உங்கள் ஈடுபாட்டுக்கு நன்றி'ன்னு போட்டிருக்கு. எதுக்குடா நன்றி?"

"நீங்கள்லாம் வெப்சைட்டுக்கு அடிக்கடி வர்றீங்கல்ல, அதுக்குத்தான்க்கா."

"வராம? குழாயத் தொறந்தா டீ மாதிரி வருதுடா. சாக்கடை நாத்தம் குடலப் புடுங்குது. இன்னையோட பன்னெண்டு நாள். தெருவே போனும் கையுமா உக்காந்திருக்கு. புகார் கொடுக்கலாம்னு போனா புகார் எண் கேக்குது. புகாரே கொடுக்கலையேடா, எண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"கீழ எழுதியிருக்கறதப் படிச்சியா?"

"படிச்சேன். அதான் பயமா இருக்கு. எதிர்வீட்டுக்காரர் ஏதாவது ஒரு நம்பர அடிங்கன்னாரு. மாமா வேணாம்னுட்டாரு. கேஸு கீஸுன்னு வந்தா நம்மால அலைய முடியாதுன்னு. நீ சொல்லுடா, ஏதாவது அடிக்கலாமா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடி என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் பொய்யான எண் ஒன்று என் பட்டியலுக்குள் நுழைவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. "தப்பான எண் கொடுக்கறது குத்தம்க்கா" என்றேன். சொந்த அக்காவாக இருந்தாலும் சட்டம் சட்டம்தானே? அறுபத்தோராயிரம் வருகையில் ஒருவர்கூடப் பொய் எண் போடவில்லை. இவ்வளவு நேர்மையான ஜனங்களை வைத்துக்கொண்டிருக்கிற வாரியம் உண்மையிலேயே கொடுத்துவைத்ததுதான்.

"சரி, நீ உங்க ஆபீஸ்ல யாருகிட்டயாவது வாயால சொல்லேன்டா."

"வாயால சொன்னா பதிவாகாதுக்கா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? வெப்சைட்டுலயே முயற்சி பண்ணு."

அவள் முயற்சி செய்தாள். அடுத்த வாரம் இயக்குநர் என்னை அழைத்து, பட்டியலில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். "நாலாம் வட்டத்துல ஒரே போன்லேர்ந்து ஒரே நாள்ல நாப்பத்து மூணு தடவை வந்திருக்கு. இது மனுஷனா, ரோபோவா? ரோபோன்னா கணக்குலேர்ந்து தூக்கணும்."

"ரோபோ இல்ல சார். எங்க அக்கா."

இயக்குநர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "குடும்பத்தையே ஈடுபட வச்சிருக்கீங்க பாருங்க. எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா நாடு எங்கயோ போயிடும்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று அவர் நினைத்திருப்பார்.

பத்தொன்பதாம் நாள் அக்காவின் மகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஏழு வயது. வீட்டில் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு இடத்தில் உட்காராத குழந்தை, கட்டிலில் துணிமாதிரி கிடந்தாள். டைஃபாய்டு என்றார் டாக்டர். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்றுதான் முதல் கேள்வி கேட்டாராம். "காய்ச்சித்தான்டா குடுத்தேன்" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். "பல்லு தேய்க்கறப்ப முழுங்கிட்டாளோ என்னமோ." அதே வார்டில் நான்காம் வட்டத்துக் குழந்தைகள் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

மறுநாள் காலை லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் தரைத்தளத்துக்கு இறங்கினேன். குழாய்ப் பிரிவில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு திரை. அதில் 'நிலுவைப் புகார்கள்: 0' என்று பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. நான் எழுதிய குவெரிதான் அது.

"வாங்க குவெரி சார்!" என்றார் மேற்பார்வையாளர். "உங்க புண்ணியத்துல ஒரு மாசத்துக்கு மேலா வேலையே இல்ல. முன்னாடியெல்லாம் இடுப்பு ஒடிஞ்சு போகும்."

"நாலாம் வட்டத்துல சாக்கடைத் தண்ணி கலக்குது. உடனே ஆள் அனுப்புங்க."

"புகார் எண்?"

"எண் இல்ல. நான் சொல்றேனே."

"நீங்க சொல்லலாம் சார். திரை சொல்லலையே!" அவர் வருத்தத்தோடு சைபரைக் காட்டினார். "எண் இல்லாம வண்டி கேட்டத் தாண்டி வெளிய போகாது. நீங்கதானே சார் அப்படி இணைச்சு வச்சீங்க? அருமையான ஏற்பாடு. ஒரு லிட்டர் டீசல் வீணாகறதில்ல."

மேலே ஓடினேன். படிவம் தயாரிக்கிற பெண்ணிடம், "அந்த நட்சத்திரத்த எடுத்துடுங்கம்மா" என்றேன்.

"எடுத்துடலாம் சார், ரெண்டு நிமிஷ வேலை. ஆனா போட்டது உங்க எழுத்து மூலமான கோரிக்கை. இயக்குநர் கையெழுத்து இருக்கு. எடுக்கவும் அவர் கையெழுத்து வேணுமே" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கே சொன்னேன் சார்" என்றாள்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் குணம் அவரிடம் உண்டு. எதையும் கடைசிவரை கேட்பார்.

"குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஜுரம் இறங்கல சார்."

"அடடா. நல்லா பார்த்துக்கோங்க, லீவு வேணும்னா எடுத்துக்கோங்க. நட்சத்திரத்த மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் தொட வேணாம். 'புகாரில்லாப் பொதுச்சேவை' விருதுக்குத் தேர்வுக் குழு வருது. அவங்க வர்ற நேரத்துல படிவத்தத் திறந்துவிட்டா அறுபதாயிரம் அன்பும் புகாரா மாறிடும். மூணு நாள்தானே?"

மூன்று நாள்தானே என்று நானும் நினைத்தேன். துணைத் தலைமை ஆய்வாளர் பதவிக்கு என் பெயர் அவருடைய மேசைமேல்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் பேசாமல் வந்தேன் என்று நான் சொல்லவில்லை. அது என் நினைவில் இருந்தது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தேர்வுக் குழுவினர் மூன்று பேர் வந்து பெரிய திரைக்கு முன்னால் அமர்ந்தார்கள். திரையில் இரண்டே எண்கள். வருகை நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது. புகார், சைபரில் அசையாமல் நின்றது. இயக்குநர் 'ஈடுபாடு' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக லேப்டாப்போடு நின்றிருந்தேன்.

சைபர் ஒன்றாக மாறியது.

இயக்குநர் பேச்சை நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். நான் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. புகார் எண் கட்டத்தில் ஆறு இலக்கத்தில் ஏதோ ஓர் எண் இருந்தது. தெரு, அக்காவின் தெரு. பெயர், அக்காவின் பெயர். 'தண்ணீரில் சாக்கடை கலக்கிறது. இருபத்திரண்டு நாள். என் பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தயவுசெய்து யாராவது வாருங்கள்.'

"சோதனைப் பதிவா?" என்றார் இயக்குநர், உதடு அசையாமல்.

கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுக்கும் பெருந்தன்மை எல்லா அதிகாரிகளுக்கும் வராது. "ஆமா சார்" என்றேன். அந்தப் பதிவை அழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதினேன். திரை சைபருக்குத் திரும்பியது.

குழுவில் இருந்த அம்மையார் கையை உயர்த்தினார். "இப்ப ஒரு புகார் வந்துச்சே, எங்க போச்சு?"

"தீர்த்துட்டோம்" என்றார் இயக்குநர், கண்ணைச் சிமிட்டாமல்.

"அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளதான் மேடம். எங்க வாரியத்துல அப்படித்தான்."

பக்கத்திலிருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பதினோரு நொடி!" என்றார் நம்ப முடியாமல். மூவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வராந்தாவுக்கு வந்தபோது அக்காவின் போன். மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சிரித்துக்கொண்டு பேசினாள்.

"டேய், போயிடுச்சுடா! 'உங்கள் புகார் ஏற்கப்பட்டது'ன்னு பச்சையா வந்துச்சு!"

"என்ன எண்க்கா போட்ட?"

"வாலுவோட அட்மிஷன் நம்பர். அவ கையில பட்டை கட்டியிருக்காங்கல்ல, அதுல பார்த்துப் போட்டேன். பொய் நம்பர்தானேடா போடக்கூடாது? இது நிஜ நம்பர். ஆஸ்பத்திரிக்காரங்களே கொடுத்தது. குத்தம் இல்லல்ல?"

"இல்லக்கா."

"உன் கம்ப்யூட்டர்ல வந்துச்சா? நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்பாடா! நீ பார்த்துட்டல்ல, போதும். இனி எனக்குக் கவலையில்ல. இரு, வாலுகிட்ட சொல்றேன்." போனை விலக்கி அவள் சொல்வது கேட்டது. "மாமா பார்த்துட்டாராம்டி. ஆள் அனுப்பிடுவாரு."

விருது வந்துவிட்டது. எனக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. வாலு ஒரு மாதம் கழித்து வீடு திரும்பினாள், அதே தெருவுக்கு, அதே குழாய்க்கு. அவளோடு வார்டில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பினார்கள். நட்சத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விருது பெற்ற படிவத்தில் யார் கை வைப்பார்கள்?

பாராட்டுப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். 'புகாரைப் பதினோரு நொடியில் தீர்த்த ஒரே வாரியம்' என்று அதில் பொன்னெழுத்தில் இருக்கிறது. எண்களில் துல்லியம் வேண்டும் என்பவன் நான். ஆகவே ஒரு சிறு திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன். அந்த வரியை அழிக்க எனக்கு நான்கு நொடிதான் ஆயிற்று. மீதி ஏழு நொடி நான் என் அக்காவின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன்.